ஆச்சி ஒருவர், மருந்துச் சீட்டு இரண்டு

வாசகர் கேள்வி: என் தாயாருக்கு 76 வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் எங்களோடு இருக்கிறார். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயச் செயலிழப்பு என்று சொன்னார்கள். எக்கோ பரிசோதனையில் 35 சதவீதம். சென்ற ஐப்பசியில் இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போனபோது வளவில் (வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தில்) வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்கு முன்பிருந்தே முதுகுவலி, கூன். சாமி அறையில் விளக்கு மாடம் இப்போது எட்டுவதில்லை என்கிறார். எலும்பு மருத்துவர் கால்சியம் மாத்திரையும் ஆண்டுக்கொரு முறை போடும் ஊசியும் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சியோ, கால்சியம் இதயக் குழாயில் போய்ப் படியும், கொடுக்காதே என்கிறார். இதய மருத்துவரைக் கேட்டால், எலும்பு டாக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார். இதயத்துக்கும் எலும்புக்கும் தொடர்பு உண்டா? கால்சியம் கொடுக்கலாமா? அந்த ஊசி போடலாமா? மாத்திரைப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் தாயாரை ஆச்சி என்றே எழுதிவிடுகிறேன். இந்தச் சீமையில் முப்பது ஆண்டுகள் வைத்தியம் பார்த்துவிட்டு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: உண்டு. ஆனால் கடிதத்தில் என்னை நிறுத்தியவை மூன்று சிறிய விஷயங்கள். இரவு இரண்டு மணி. எட்டாத விளக்கு மாடம். பட்டியலில் ஆறாவதாக எழுதியிருக்கும் முதுகுவலி மாத்திரை. நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளையும்விட இவை அவசரமானவை.

முதலில் அந்த 35. இதயம் நூற்றுக்கு முப்பத்தைந்துதான் வேலை செய்கிறது என்று பல குடும்பங்கள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கின்றன. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயத்துக்கே அது 55 முதல் 70 வரைதான் இருக்கும். 35 குறைவுதான், மறுக்கவில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுப் பல ஆண்டுகள் நடமாடுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதயம் தள்ளும் ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் ஏமாந்துபோகிறது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று எண்ணிக்கொண்டு, உப்பையும் நீரையும் இறுக்கிப் பிடிக்கும் ஹார்மோன்களைக் கிளப்பிவிடுகிறது. அதனால்தான் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. அந்த ஹார்மோன்களில் ஆல்டோஸ்டிரோன் என்று ஒன்று. அது உப்பைப் பிடித்து வைக்கும் வேகத்தில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரிலும் மலத்திலும் போக விட்டுவிடுகிறது. ரத்தத்தில் கால்சியம் இம்மி குறைந்தாலும் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பொறுக்காது. எலும்பிலிருந்து எடுத்துக்கொள் என்று உத்தரவு போட்டுவிடும். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. வட்டிக்கடை நடத்திய வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அன்றாடச் செலவுக்கெல்லாம் இரும்புப் பெட்டியைத் திறந்தால் பெட்டியின் அடி தெரிய எத்தனை நாளாகும்?

இதற்கு மேல் ஃப்யூரோசமைடு, டார்செமைடு போன்ற நீர் மாத்திரைகளும் கால்சியத்தைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றும். மூச்சு வாங்குவதால் ஆச்சி வெயிலுக்கு வருவதில்லை. வெயில் படாததால் வைட்டமின் டி குறைகிறது. நடக்காததால் தொடைச் சதை கரைகிறது. இதில் ஒரு மறைவான சங்கதி உண்டு. சதை கரைந்த இடத்தை நீர் நிரப்பிவிடுவதால் எடை காட்டும் கருவி அதே எண்ணைக் காட்டும். ஆச்சி இளைக்கவில்லையே என்று வீட்டில் திருப்தியாக இருப்பார்கள். கன்னத்தையும் தொடையையும் பாருங்கள்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அவசர சிகிச்சைக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 16,294 இதய நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. புதிதாக இதயச் செயலிழப்பு கண்டவர்களுக்கு, அடுத்த ஓர் ஆண்டுக்குள் எலும்பு முறியும் வாய்ப்பு மற்ற இதய நோயாளிகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இடுப்பெலும்புக்கு மட்டும் ஆறு மடங்கு. ஒப்பிட்டது ஆரோக்கியமானவர்களோடு இல்லை, வேறு இதயக் கோளாறு உள்ளவர்களோடு என்பதைக் கவனியுங்கள். எதிர்த்திசையிலும் சான்று உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஆயிரக்கணக்கானவர்களின் குதிகால் எலும்பை அளந்து வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கவனித்தார்கள். எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தவர்களுக்குத்தான் பின்னாளில் இதயச் செயலிழப்பு அதிகம் வந்தது. எலும்பு மெலிந்ததால் இதயம் தளர்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. இரண்டையும் அரிக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே: வயது, சர்க்கரை, சிறுநீரகத் தளர்ச்சி, நடமாட்டம் குறைவது.

இனி விளக்கு மாடம். அறுபது ஆண்டுகளாகக் கைக்கு எட்டிய மாடம் எட்டாமல் போனால் ஆச்சி குட்டையாகியிருக்கிறார் என்று அர்த்தம். முதுகெலும்பின் கட்டைகள் ஒன்றிரண்டு சத்தமில்லாமல் நசுங்கியிருக்கும். கீழே விழாமலேயே, ஒரு குடத்தைத் தூக்கும்போதோ பலமாக இருமும்போதோ இது நடக்கும். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து விட்டுவிடுவார்கள். நெஞ்சுக்கூட்டின் பின்புறத்து எலும்புகள் இப்படி நசுங்கினால் கூன் விழும், நுரையீரல் விரிய இடம் குறையும், மூச்சு வாங்கும். இதயத்தால் வரும் மூச்சிரைப்போடு இது சேர்ந்துகொள்வதால் எது எதனால் என்று மருத்துவருக்கே குழம்பும். நீர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். முதுகெலும்புக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். காரைக்குடியிலேயே எடுக்கலாம், பெரிய செலவில்லை. கட்டை நசுங்கியிருப்பது தெரிந்தால், எலும்புப்புரைக்கு, அதாவது எலும்பு மெலிந்து உடையும் நோய்க்கு, வைத்தியம் தேவை என்பதற்கு அதுவே போதிய சான்று. மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்துக்கொண்டால் அளவும் தெரியும். எடுத்தால் இடுப்பெலும்பின் எண்ணைப் பாருங்கள். நசுங்கிய முதுகெலும்பு ஸ்கேனில் அடர்த்தி கூடியது போல் ஏமாற்றும். மருந்துக்கடை வாசலில் முகாம் போட்டுக் குதிகாலை அளந்து தரும் சீட்டை நம்பி எதையும் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

இப்போது மாத்திரைப் பட்டியல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐயாவை, மூன்று மாதத்தில் நான்காவது முறையாக மூச்சுத் திணறலோடு அழைத்து வந்தார்கள். உப்பைக் குறைத்தாயிற்று, நீர் மாத்திரையைக் கூட்டியாயிற்று, ஒன்றும் நிற்கவில்லை. வீட்டிலிருக்கும் மருந்தெல்லாவற்றையும் ஒரு மஞ்சள்பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மேசையில் கொட்டியபோது சீட்டில் இல்லாத ஓர் அட்டை கீழே விழுந்தது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிய அசிக்ளோஃபெனாக். "அது மருந்தில்லையே, வலி மாத்திரைதானே" என்றார் ஐயா. அதை நிறுத்திய பிறகு அவர் மூச்சுத் திணறலோடு மீண்டும் என்னிடம் வரவில்லை.

ஆச்சியின் பட்டியலில் ஆறாவது வரியில் இருப்பது அதே மாத்திரை. நான்கு மாதமாக, நாளுக்கு இரண்டு. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எடோரிகாக்சிப் என்று பெயர்கள் வேறு வேறு, குணம் ஒன்றுதான். சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயைச் சுருக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இதய மாத்திரைகளோடும் நீர் மாத்திரையோடும் இது மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகமே திடீரென்று படுத்துவிடலாம். எலும்பு வலிக்காகச் சாப்பிட்டது இதயத்தைக் கெடுக்கிறது; இதயம் கெட்டால் எலும்பு மேலும் கரைகிறது. இதை இன்றோடு நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. நாளுக்கு மூன்று வரை கொடுக்கலாம், கல்லீரல் கோளாறு இல்லாவிட்டால். அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரைகள் நிறைய உண்டு. அட்டையைத் திருப்பிப் பார்த்து, தனிப் பாராசிட்டமால்தானா என்று உறுதி செய்யுங்கள். தண்ணீரில் போட்டால் பொங்கும் வகையும் வேண்டாம். அதில் சோடியம் அதிகம். கால்சியத்திலும் அப்படிப் பொங்கும் மாத்திரை விற்கிறார்கள், அதற்கும் இதே பதில்.

மூன்றாவது வரியில் உள்ள சர்க்கரை மாத்திரை, மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்தது. அந்த மூன்றில் ஒன்று பயோகிளிட்டசோன். சர்க்கரையை நன்றாகக் குறைக்கும், விலையும் குறைவு. ஆனால் உடம்பில் நீரைத் தேக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. பெண்களுக்கு எலும்பு முறிவையும் கூட்டும். ஆச்சிக்கு எவை இரண்டு நோயோ அவை இரண்டுக்கும் பொருந்தாத மருந்து. இந்தியாவில் 2013-இல் வேறொரு காரணத்துக்காக இதைத் தடை செய்து, சில வாரங்களிலேயே எச்சரிக்கைக் குறிப்போடு மீண்டும் அனுமதித்தார்கள். இதய நோய் வருவதற்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த சீட்டு, புதுப்பித்துப் புதுப்பித்து இதுவரை வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்களாக நிறுத்தினால் சர்க்கரை ஏறும். இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அதே மாத்திரையில் கிளிமிபிரைடும் இருக்கிறது. அது சர்க்கரையை விடியற்காலையில் தாழ்த்தித் தலைசுற்ற வைக்கக்கூடியது. இரவு விழுந்தவருக்கு அதுவும் விசாரிக்க வேண்டிய சங்கதி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்துகள் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சேர்த்தே உதவுகின்றன. ஆச்சிக்குப் பொருந்துமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

வாய்வுக்கென்று நான்கு ஆண்டுகளாகப் போகும் பான்டோபிரசோல், வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் கால்சியம் கார்பனேட் சரியாகச் செரிமானமாகாது. வலி மாத்திரை போய்விட்டால் இதுவும் தேவைப்படாமல் போகலாம். வைட்டமின் டி 60,000 யூனிட் பொட்டலம் வாரம் ஒன்று என்று ஓர் ஆண்டாகக் கொடுத்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு வாரம் என்று சொன்னதை யாரோ நிறுத்த மறந்திருக்கிறார்கள். நாளுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்; டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் பார்க்கும்வரை பொட்டலம் வேண்டாம். வைட்டமின் டி இதயச் செயலிழப்பையும் சரி செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை.

பட்டியலில் ஸ்பைரனோலாக்டோன் 25 மி.கி. இருப்பது நல்லது. மேலே சொன்ன ஆல்டோஸ்டிரோனுக்கு அதுதான் முட்டுக்கட்டை. இதயத்துக்காகக் கொடுத்தது எலும்புக்கும் ஓரளவு ஆதரவாக இருக்கலாம். ஆனால் அது பொட்டாசியத்தை ஏற்றும். ஆகவே இளநீரும், கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பும் ஆச்சிக்கு வேண்டாம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம்தான்.

பக்கத்து வீட்டு ஆச்சியின் கவலையை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். கால்சியம் மாத்திரை மாரடைப்பைக் கூட்டுமா என்று மருத்துவ உலகத்தில் பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. இரு பக்கமும் ஆய்வுகள் இருக்கின்றன. ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிவது குழாயின் சுவர் புண்படுவதால் வருவது. சாப்பிட்ட கால்சியம் நேராகப் போய் அப்பிக்கொள்வதில்லை. மறுபக்கம், ரத்தத்தில் கால்சியம் மிகவும் தாழ்ந்தால் இதயத் தசையே தளர்ந்துவிடும். அரிதாக அப்படி வருகிறவர்களுக்குக் கால்சியத்தை ஏற்றியதும் இதயம் தேறுவது உண்டு. ஆகவே என் வழக்கம் இது. உணவில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பேன், குறையை மட்டும் மாத்திரையால் நிரப்புவேன், ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போக மாட்டேன். பான்டோபிரசோல் தொடரும்வரை கால்சியம் சிட்ரேட் வகை மேல்.

முதியவர்களுக்கு நாளுக்கு 1,200 மி.கி. கால்சியம் என்று நம் நாட்டு உணவுப் பரிந்துரை சொல்கிறது. நூறு கிராம் கேப்பையில் (கேழ்வரகில்) ஏறத்தாழ 350 மி.கி. இருக்கிறது. ஒரு தம்ளர் பாலில் 240 மி.கி. வரை. முருங்கைக்கீரை, எள் இரண்டும் நன்று. இதய நோயாளிக்கு நீர் அளவும் உண்டல்லவா? நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்று சொல்லியிருந்தால் பாலும் கூழும் அந்தக் கணக்கில் சேரும். எனவே கேப்பைக் கூழுக்குப் பதில் புட்டும் அடையும். பாலுக்குப் பதில் கெட்டித் தயிர். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியம், ஆனால் காயாத புது நெத்திலியாக இருக்கட்டும்; கருவாடு கூடாது. உளுந்து எலும்புக்கு உரம் என்று நம் பெண்களுக்கு உளுந்தங்களி கிண்டிப் போட்டே வளர்த்தார்கள். புரதத்துக்கு அது மிகவும் நல்லது. கரைந்த சதையைத் திரும்பக் கொண்டுவரப் புரதம் வேண்டும். கால்சியத்தில் கேப்பைக்கு ஈடாகாது. ஆடி மாதக் கும்மாயம் என்ற கருப்பட்டி இனிப்பை ஆச்சி கேட்கத்தான் போகிறார். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நினைவில் வைத்து ஒரு சிறு உருண்டை கொடுங்கள், நான் பார்க்கவில்லை.

உப்பில் மட்டும் எனக்கு இரக்கம் கிடையாது. எல்லாம் சேர்த்து நாளுக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அதுவே உச்சம். உப்பு அதிகமானால் நீர் தேங்குகிறது. சிறுநீரில் உப்பு போகும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. நம் சமையலறையில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் பல: உப்புக்கண்டம், மோர் மிளகாய், வற்றல், ஊறுகாய், சீப்புச்சீடை, கைமுறுக்கு. சாந்திக் கல்யாணத்துக்குப் போகும் அன்று, அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று நீர் மாத்திரையை விட்டுவிட்டு, பந்தியிலும் கைவைத்துவிட்டு, மூன்றாம் நாள் மூச்சிரைக்க வருகிற ஆச்சிகளை ஒவ்வொரு முகூர்த்த மாதமும் பார்க்கிறேன்.

இரவு இரண்டு மணிக்கு வருகிறேன். நீர் மாத்திரையின் இரண்டாவது வேளையை இரவு எட்டு மணிக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பகலில் ஆட்கள் வந்து போவதால் இரவுக்கு மாற்றினீர்கள் என்பது புரிகிறது. எட்டு மணிக்குக் கொடுத்தால் நள்ளிரவு தாண்டியும் சிறுநீர் முட்டத்தான் செய்யும். காலையில் ஒன்று, இரண்டாவதை மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் என்று மாற்ற உங்கள் மருத்துவர் மறுக்க மாட்டார். ஒரு தொலைபேசிப் பேச்சில் முடியும் வேலை.

அப்புறம் அந்த வழி. உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் இந்த வீடுகளை அறிவேன். ஆச்சி உள்ளறையில் படுத்திருப்பார். எழுந்து அறையின் நிலைப்படியைத் தாண்ட வேண்டும், அது அரை அடி உயரம். பிறகு வளவு. ஐப்பசி மழை திறந்தவெளி வழியாக நேராக உள்ளே விழுந்திருக்கும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் பட்டால் கண்ணாடி போல் வழுக்கும். அதைச் சுற்றி இரண்டாங்கட்டுக்கு இன்னொரு நிலைப்படி. கடைசியில் பின்கட்டில் கழிப்பறை. பகலில் நான் நடந்தாலே ஒரு நிமிடம் ஆகும். இதய மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்திருக்கும் உடம்பு, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும். அரைத் தூக்கம், அவசரம், ஈரத் தரை. மணிக்கட்டோடு போனது அதிர்ஷ்டம்.

ஆச்சியின் கட்டிலைக் கழிப்பறைக்கு அருகில் மாற்றுங்கள். முடியாவிட்டால் கட்டிலோரம் ஒரு கமோடு நாற்காலி வையுங்கள். கௌரவக் குறைச்சல் என்று முதலில் மறுப்பார், இரவுக்கு மட்டும் என்று சொன்னால் சம்மதிப்பார். எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்து இருபது எண்ணிவிட்டுக் கால் ஊன்றட்டும். நிலைப்படியின் விளிம்பில் வெள்ளைப் பட்டை ஒட்டுங்கள். நூறு வருடத் தேக்கு நிலையில் ஒட்டுவதா என்று உங்களுக்கு மனம் வராது, தெரியும். இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு வேண்டும். நின்ற அழுத்தத்தையும் படுத்த அழுத்தத்தையும் அடுத்த முறை அளக்கச் சொல்லுங்கள். தலைசுற்றுகிறது என்பதற்காக இதய மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்த வீட்டிலேயே மருந்தும் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் வளவில் வெயில் இறங்கும். கை கால் வெயிலில் பட, பதினைந்து இருபது நிமிடம் ஆச்சியை அங்கே நாற்காலியில் உட்கார வையுங்கள். கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வைட்டமின் டி உண்டாகாது. எழுந்ததும் பர்மாத் தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கட்டும், பத்து முறை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும், முடிந்தவரை. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற அளவுக்குள் இருந்தால் சரி. குனிந்து நெற்றி தரையில் தொடும் பயிற்சி எதுவும் கூடாது. நசுங்கிய முதுகெலும்பு மேலும் நசுங்கும். தண்ணீர்க் குடமும் கூடாது. நடுவீட்டுக் கோலத்தைப் பேத்தி போடட்டும். ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து இழை பிசகும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் அதைத்தான் விரும்புவார் என்று எனக்குத் தோன்றுகிறது. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையாளரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஊசி. சொலெட்ரானிக் அமிலம் 5 மி.கி. என்று சீட்டில் இருக்கிறது. போடலாம் என்பது என் கருத்து, சில நிபந்தனைகளோடு. நூறு மி.லி. அளவில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுவது. அந்த நீர் இதயத்துக்குச் சுமையாகாது. 2007-இல் ஏறத்தாழ 7,700 பெண்களிடம் இதைச் சோதித்தபோது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு கடுமையாக வந்தவர்கள் 1.3 சதவீதம், ஊசி போடாதவர்களில் 0.5. அந்த எண்தான் இதய மருத்துவர்களைத் தயங்க வைக்கிறது. அதே ஆண்டில், இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு தெரியவில்லை, இறப்புகூடக் குறைந்திருந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் போடக்கூடாது (இது எக்கோவின் 35 இல்லை). வலி மாத்திரையை நான்கு மாதம் சாப்பிட்டவர் என்பதால், அதை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள். ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டியும் சரியாக இருந்தபின்தான் ஊசி. பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முன்பே முடித்துவிடுங்கள். ஊசிக்கு மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், அதற்கும் பாராசிட்டமால்தான்.

சிறுநீரகம் இடம் கொடுக்காவிட்டால் டெனோசுமாப் என்று ஆறு மாதத்துக்கொரு ஊசி உண்டு. அதைத் தொடங்கினால் தவணை தவறக்கூடாது. விட்டால் முதுகெலும்புகள் வரிசையாக நசுங்குவது உண்டு. அதைப் போட்டபின் கால்சியம் தாழ்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை விழுங்கும் அலென்ட்ரோனேட்டுக்கும் சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருக்க வேண்டும். அதை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார வேண்டும். அந்தத் தண்ணீரையும் நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோமோசோசுமாப் என்ற புதிய ஊசியை யாராவது சொன்னால், இதய நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள். மாரடைப்பு, பக்கவாத எச்சரிக்கை உள்ள மருந்து அது.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு மிகையானால் இதயமும் எலும்பும் ஒருசேரக் கெடும், அதற்கு எளிய வைத்தியம் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். எப்போதாவது ஆச்சி விழுந்து இடுப்பு அசைக்க முடியாமல் போனால், இதயம் பலவீனம், ஆபரேஷன் தாங்காது என்று உறவினர்கள் கட்டு வைத்தியத்துக்கு அழைத்துப் போகச் சொல்வார்கள். போகாதீர்கள். இடுப்பு முறிந்து படுக்கையிலேயே கிடப்பதுதான் அந்த இதயம் தாங்காதது. இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோங்கள். இரண்டு நாளுக்குள் அறுவை செய்துவிடுவதே நல்லது.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், காப்பிக்கு முன், ஆச்சியின் எடையைக் காலண்டர் தாளில் எழுதிவாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், இதய மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை அவரிடம் போகும்போது எலும்பு மருத்துவரின் சீட்டையும் எக்ஸ்ரேயையும் அவர் மேசையில் வையுங்கள். எலும்பு மருத்துவரிடம் எக்கோ சீட்டை. மருந்துகளையெல்லாம் மஞ்சள்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், கடையில் கேட்டு வாங்கியவற்றையும் சேர்த்து. எக்ஸ்ரே முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். இன்று இரவு எட்டு மணி மாத்திரைக்கு முன்னால் அந்தத் தொலைபேசியை மட்டும் பேசிவிடுங்கள்.